மரியோவுக்கு மட்டும் ஏன் வயசே ஆகலை?

ஓபியில வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிற கேள்வி. "டாக்டர், பையன் எந்நேரமும் கேம்தான். மொத்தமா நிறுத்திடட்டுமா?"

நான் திருப்பி ஒண்ணே ஒண்ணு கேட்பேன். "என்ன கேம் விளையாடுறான்?"

பெரும்பாலும் பதில் வராது. "ஏதோ ஒண்ணு சார்... போன்ல." அவ்வளவுதான். சுண்டலும் சிப்ஸும் ரெண்டுமே தீனிதான். அதுக்காக ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்வீங்களா? கேமும் அப்படித்தான். அதைச் சொல்றதுக்குத்தான் இந்த நீளமான த்ரெட். துணைக்கு நான் கூட்டிட்டு வர்றது, மீசை வெச்சு சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பிளம்பர்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஜப்பானில் வெளிவந்தது 1985 செப்டம்பரில். நிண்டெண்டோ கம்பெனி, ஷிகெரு மியாமோட்டோ தலைமையில் ஒரு சின்னக் குழு. மொத்த விளையாட்டின் அளவு 40 கிலோபைட். நீங்க காலையில குடும்ப குரூப்ல அனுப்புற ஒரு குட் மார்னிங் படம் அதைவிடப் பெருசா இருக்கும்! இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வெச்சு, கலரை மட்டும் மாத்தினாங்க. மரியோவுக்கு மீசை வந்ததும் இப்படித்தான். 1981-ல் டாங்கி காங்கில் அவர் முதல்முதலா வந்தப்போ, திரையில் இருந்த கொஞ்சூண்டு புள்ளிகளில் வாய் வரைய முடியலை. மீசை வெச்சு மறைச்சாங்க. தலைமுடி வரையிற வேலை மிச்சமாகட்டும்னு தொப்பி.

சரி, நாற்பது வருஷம் கழிச்சும் ஏன் இழுக்குது? "அந்தக் காலத்து ஞாபகம் சார்"னு சொல்வாங்க. எனக்கு அது பாதிப் பதில்தான். 2015-க்கு அப்புறம் பிறந்த என் பொண்ணுக்கு 1985 பத்தி என்ன ஞாபகம் இருக்கப் போகுது? அவளும்தான் விடாம விளையாடுறா.

என் பதில், அதோட முதல் திரையில இருக்கு. 1-1ன்னு சொல்வோமே, அது. மரியோ இடது ஓரத்தில் நிற்பார். வலது பக்கம் காலி. அப்போ வலது பக்கம்தான் போகணும், யாரும் சொல்லித் தர வேண்டாம். கொஞ்ச தூரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கூம்பா நடந்து வரும். மோதினால் செத்தீங்க. போனது ரெண்டு மூணு வினாடிதான், மறுபடி ஆரம்பம். அடுத்த தடவை குதிப்பீங்க. கேள்விக்குறி போட்ட கட்டையில் தலை முட்டும், காளான் வெளியே வரும். அந்தக் காளான் உருண்டு போய் பச்சைக் குழாயில் மோதி உங்க பக்கமே திரும்பும். பயந்து குதிச்சாலும் மேலே கட்டை இடிச்சு அது மேலேயே விழ நிறைய வாய்ப்பு. விழுந்தா, சாகலை, பெரிய ஆளாயிட்டோம்! இதெல்லாம் தற்செயல் இல்லை. எதிரி எது, நண்பன் எதுன்னு விளையாடுறவனே கண்டுபிடிக்கிற மாதிரி யோசிச்சு அடுக்கினது.

ஒரு வரி படிக்கத் தெரிய வேண்டாம். அதனாலதான் 90-களில் கள்ள கேசட் வழியா இது நம்ம ஊருக்கு வந்தப்போ, இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாத நாங்களும் விளையாடினோம். மணிக்கு அஞ்சு ரூபாய் வாடகைக்கு டிவி கேம். கேசட் ஓடலைன்னா வாயால ஊதறது. (ஊதினதுக்கு எந்தப் பலனும் இல்லை. கழட்டி மாட்டினதாலதான் வேலை செஞ்சது. எச்சில் பட்டு பின்னுதான் துருப்பிடிச்சிருக்கும்.)

இன்னொரு விஷயம், கை. பட்டனை லேசாத் தட்டினா சின்னக் குதி, அழுத்திப் பிடிச்சா பெரிய குதி. ஓடிட்டு நின்னா கொஞ்சம் சறுக்கும். தப்பு பண்ணினா தப்பு நம்மளோடதுன்னு கைக்கே தெரியும். காசு குடுத்து அந்தத் திறமையை வாங்க முடியாது.

இங்கதான் நான் டாக்டரா பேசணும்.

பி.ஜி. படிக்கிறப்போ நானும் ஒரு போன் கேமில் விழுந்தவன்தான். பேர் வேண்டாம். நைட் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தா, "உங்க எனர்ஜி நிரம்பிடுச்சு"ன்னு போன் கூப்பிடும். இன்னிக்கு திறக்கலைன்னா நேத்து வரைக்கும் சேர்த்த தொடர் பரிசு போயிடும். ஒரு மாசத்துல நாலாயிரம் ரூபாய் போயிருந்துச்சு, எனக்கு வந்த ஸ்டைபண்டில். திறமை ஏதாவது கூடுச்சா? ஒண்ணுமில்லை. பெட்டி திறக்கறதும், எப்போ நல்லது வரும்னு தெரியாம மறுபடி திறக்கறதும்தான். சூதாட்ட மெஷின் ஆளைப் பிடிச்சு வைக்கிறதும் இதே முறையில்தான். அந்தக் கேமுக்கு முடிவே கிடையாது. மரியோவுக்கு முடிவு இருக்கு. 8 உலகம், 32 கட்டம், இளவரசி கிடைச்சா முடிஞ்சது. வீட்டுக்குப் போகலாம்.

நிண்டெண்டோவை நான் புனிதராக்கலை. டாங்கி காங் காசு விழுங்குற மெஷினில் ஓடினதுதான். சீக்கிரம் செத்தாத்தான் அடுத்த காசு விழும். 2019-ல் வந்த மரியோ கார்ட் டூரில் அவங்களும் அந்த அதிர்ஷ்டக் குலுக்கலை வெச்சாங்க, 2022-ல் எடுத்தாங்க. மீசைக்காரரைப் பார்த்தாலே நம்பிடாதீங்க.

மூளைக்கு நல்லதான்னு கேட்பீங்க. ஜெர்மனியில் பெரியவங்களை ரெண்டு மாசம் தினமும் அரை மணி நேரமாவது சூப்பர் மரியோ 64 விளையாட வெச்சு ஸ்கேன் பார்த்தாங்க. ஹிப்போகாம்பஸ் உட்பட சில இடங்களில் சாம்பல்நிறப் பகுதி கூடியிருந்தது. 2014-ல் வெளிவந்த ஆய்வு. சின்ன ஆய்வு. அதை வெச்சு பரீட்சைக்கு முந்தின நாள் பையன் கையில ரிமோட் குடுத்துட்டு என் பேரைச் சொல்லாதீங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியலில் கேமிங் கோளாறு ஒரு நோயா இருக்கு. ஆனா எத்தனை மணி நேரம்னு அதில் கணக்கு இல்லை. கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும் விட கேம் முக்கியமாகணும், கெடுதல் தெரிஞ்சும் தொடரணும். பொதுவா 12 மாசமாவது இப்படி இருந்தாத்தான் அந்தப் பேர். லீவுல ரெண்டு நாள் விழுந்து விளையாடின பையன் நோயாளி இல்லை.

அதனால போனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க. இது எங்க முடியும்னு கேளுங்க. நடுவுல நிறுத்தினா என்ன போயிடும்னு கேளுங்க. காசு கேட்குதான்னு பாருங்க. தூக்கம், ஸ்கூல், சாப்பாடு மூணும் கெட்டுப் போய் மாசக்கணக்கா ஆகுதுன்னா, தயங்காம மனநல டாக்டரைப் பாருங்க. திட்டறதால சரியாகிற கட்டம் அது இல்லை.

அந்த மரியோவில் ரெண்டு பேர் விளையாடினா, ஒருத்தர் செத்தாத்தான் அடுத்தவருக்கு முறை வரும். எங்க வீட்டில் அண்ணன் மரியோ, நான் லூயிஜி. அவன் சாகணும்னு வேண்டிக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். போன மாசம் துபாயிலிருந்து வந்திருந்தான். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் விளையாடினோம், பொண்ணு நடுவுல உட்கார்ந்து ரெண்டு பேரையும் கிண்டல் பண்ணிக்கிட்டு. இன்னமும் 8-3ல் சுத்தியல் எறியிற அந்த ரெண்டு பேரைத் தாண்ட முடியலைங்க. தாண்டினவங்க யாராவது இருந்தா கீழ வழி சொல்லிட்டுப் போங்க.