குப்பை வாளியிட்டயும் கேட்டுப் பாருங்கோ

"வீட்டில் குப்பையைத் தரம் பிரிக்கிறீர்களா?" எண்ட கேள்விக்கு "ஓம்" சொல்லாத வீடே இல்லை. குழு ஆய்வொன்றுக்காக யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் படிவங்களோட இறங்கினபோது நடந்த கதை இது. "எரிப்பது" எண்டும் ஒரு பெட்டி இருந்தது. அதில ஒருத்தரும் புள்ளடி போடேல்ல. ஆனா திரும்பி வரேக்க பாத்தா, வளவு மூலையில் கறுத்த சாம்பல், பாதி உருகின யோகட் கப்.

அந்தச் சனத்தைப் பொய்க்காரர் எண்டு சொல்ல நான் வரேல்ல. திறந்தவெளியில் குப்பை எரிப்பது 2017 இலேயே வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. பேனையும் கையுமா வந்து நிக்கிற கம்பஸ் பிள்ளையளிட்ட அதை ஆர் ஒத்துக்கொள்ளுவினம்? பிழை எங்கட கேள்வியில. "குப்பை வண்டி கடைசியா எப்ப வந்தது?" எண்டு நாங்கள் கேக்கவே இல்லை.

இன்னொரு கேள்வி, "மீள்பயன்பாடு செய்கிறீர்களா?" "அப்பிடியொண்டும் இல்லைப் பிள்ளை" எண்டார் ஒரு அம்மம்மா. அவவின் குசினியில் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள மிளகாய்த்தூள், ஐஸ்கிறீம் கப்புக்குள்ள ஊறுகாய், அடுப்படியில் சிரட்டை, கழுநீர் மாட்டுக்கு. எங்கட படிவத்தில் அவ "இல்லை".

கடைசியில் நாங்கள் எழுதின முடிவு: "மக்களிடம் விழிப்புணர்வு போதாது." எழுத எவ்வளவு சுகமான வசனம்! பழி முழுக்க வீட்டுக்காரர் தலையில.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லை குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தது விழிப்புணர்வு இல்லாமலா? கொழும்பு நகரத்தின் குப்பையை வருடக்கணக்கா அவர்களின் வீடுகளுக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். படலையோட திரும்பி வாற ஆய்வுக்கு இது தெரியவராது.

அடுத்த பட்ச் இதைச் செய்யப்போறதெண்டால், படிவத்தோட ஒரு தராசையும் கொண்டு போங்கோ. வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரு கிழமைக்கு உக்கக்கூடியது, பொலித்தீன், போத்தல் எண்டு பிரித்து நிறுத்துப் பாருங்கோ. வண்டி வருதா, வந்தால் கொண்டுபோய் எங்க கொட்டுது எண்டு பின்னால போய்ப் பாருங்கோ. முடிவை முதலில் அந்த வீடுகளுக்குச் சொல்லுங்கோ.

எங்கட அறிக்கை ஸ்பைரல் போட்டு அலுமாரிக்குள்ள கிடக்குது. அதில என்ன எழுதியிருக்கெண்டு அந்த அம்மம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது.