நெடுவழிச் சைக்கிள் யாத்திரையும் அதன் சாட்சியும்

நெடுந்தூரம் சைக்கிளிற் சென்று மீண்டேன் என்கிறான் ஒருவன். அதற்குச் சாட்சி யாது? பிரான்ஸ் தேசத்தார் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. நம் மாணாக்கருள்ளும் சைக்கிள் அபிமானிகள் பலர் உளராதலின், இதுபற்றி நமக்குத் தோன்றுவதை எழுதத் துணிந்தோம்.

1891-ஆம் ஆண்டில் பியேர் ழிஃபார் என்னும் பத்திரிகாசிரியர், பாரிஸிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் நகர் சென்று மீளும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்ப் பந்தயமொன்றை ஏற்படுத்தினார். ஷார்ல் தெரோன் என்பவர் 72 மணிக்குள் மீண்டு முதல்வராயினார். பின்னர்ப் பந்தயங்களிற் பணமும் புகழும் பெருகவே வஞ்சமும் உடன் புகுந்தது. 1904-ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ரயிலேறிச் சென்றோரும் உண்டென்று குற்றச்சாட்டு எழுந்தது; விசாரணைக்குப்பின் முதல் நால்வரும் நீக்கப்பட, ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்னும் இளைஞர் வெற்றி பெற்றவராயினார்.

பரிசேயில்லாத இடத்தில் வஞ்சம் ஏது என்பீர்கள். ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்னும் சங்கம் 1921 முதல் நடத்திவரும் யாத்திரைகளில் முதல்வனுமில்லை, கடையனுமில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணிக்குள்ளும் முடித்தால் போதும். ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த காலத்துள் முத்திரை பெறல் வேண்டும். சிற்றூர்களில் ரொட்டிக் கடைக்காரரே முத்திரையிடுவதும் உண்டு. கடையும் இல்லாத இடமாயின், அங்குள்ள கைகாட்டிப் பலகையில் எழுதியிருப்பது என்ன என்பதுபோன்ற வினாவுக்கு விடை எழுதவேண்டும். இவையன்றி, முன்னறிவிப்பில்லாத இரகசிய நிலையமும் ஒரு திருப்பத்தில் காத்திருக்கும். குறுக்குவழி தேடுவோனுக்கு அதைப்போன்ற அச்சம் வேறில்லை!

இப்போதோ செயற்கைக்கோளின் துணைகொண்டு சென்ற வழி முழுவதையும் குறித்துவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. இனி அட்டை எதற்கு என்று வினவுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். கருவி சென்றது என்பதையே கருவி கூறும். மிதித்தவன் இன்னான் என்று கூறாது. வேகத்தைக் கணித்தால் மோட்டாரேறினவன் அகப்படுவான் எனில், மெல்லச் செல்லும் மோட்டாரும் உண்டன்றோ? நள்ளிரவில் மழையில் நனைந்து நடுங்கிவரும் ஒருவனைக் கண்ணாற் கண்டு, ஒரு வார்த்தை பேசி, முத்திரையிட்டு அனுப்பும் மனிதனுடைய சாட்சிக்கு அது ஈடாகாது. அன்றியும், அவன் மேற்செல்லத் தக்க நிலையிலிருக்கிறானா என்பதை அம்மனிதனே அறிவான்.

அட்டையை மட்டுமே நம்புவதும் கொடுமை. அதை இழந்தவன் எத்துணைத் தூரம் சென்றிருப்பினும் தள்ளப்படுவான் என்பது அச்சங்கத்தின் நெடுநாள் விதி. 590 கிலோமீட்டர் மிதித்தபின் பையிலிருந்து ஒரு தாள் காற்றிற் பறந்தால், அவன் பட்டபாடெல்லாம் பொய்யாகுமோ? பொய்யனைத் தடுக்க இட்ட வேலி மெய்யனையும் வெளியே நிறுத்துவது நியாயமன்று. அத்தகையவனுக்குக் கருவி சாட்சி கூறட்டும். கருவி அணைந்துபோனவனுக்கு அட்டை சாட்சி கூறட்டும். இரண்டும் இல்லாதவன், தன்னைக் கண்ட கடைக்காரரை அழைத்து வரட்டும். அவர் சொல்லையும் கேட்பதால் குறையொன்றுமில்லை.

நான்காண்டுக்கொருமுறை நடைபெறும் பாரிஸ்–பிரெஸ்ட் யாத்திரை இறுதியாக 2023-இல் நடந்தது. அதில் காலிற் கட்டிய மின்வில்லையும் இருந்தது, கையில் முத்திரையட்டையும் இருந்தது. சிறிய யாத்திரைகளை நடத்துவோரும் இவ்விரண்டையும் ஒருங்கே கொள்வார்களாக.