தீ வச்சது யாருன்னு கேக்குறீங்க, அணைச்சது யாரு?

மாசி பொறந்தா ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் வெளிய வந்து மலையைப் பாக்குறது எங்க பழக்கம். போடிக்கு மேக்க, மலையடிவாரத்துல எனக்கு ரெண்டு ஏக்கர் இலவந்தோப்பு. காய் முத்தி வெடிக்கிற நேரமும் காடு காயுற நேரமும் ஒண்ணு. பஞ்சுல ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

மலையில தீ தெரிஞ்சா டவுன்காரங்க படம் பிடிச்சுப் போடுறீங்க. கூடவே ஒரு வரி: "ஊர்க்காரங்கதான் வச்சிருப்பாங்க."

வைக்கிறவனும் இருக்கான், மறைக்கல. புதுப்புல்லு முளைக்கும்னு வைக்கிறான், பீடியைப் போட்டுட்டுப் போறான். நானே ஒரு வருசம் வரப்புப் புல்லுக்கு வச்ச தீ காத்துல தாவி, பக்கத்துத் தோட்டத்துல நாலு மாமரத்தைக் கருக்கிருச்சு. தண்டம் கட்டினேன்.

அணைக்கிறது யாரு? போன வருசம் தோப்புக்கு மேல தீ இறங்குனப்ப போன் போட்டேன். "அது பாரஸ்டா, ரெவின்யூவா, பட்டாவா?"ன்னு கேட்டாங்க. தீ என்ன சர்வே நம்பர் பாத்தா வருது? நாங்க பதினோரு பேரு பச்சைக் கொழையை ஒடிச்சு அடிச்சோம். சருகைக் கூட்டி மண்ணு தெரியுற மாதிரி ஒரு கோடு இழுத்து, அங்கிருந்து எதிர்த்தீ விட்டோம். காத்து அடங்குற விடியக்காலைதான் அதுக்கு நேரம். மேட்டைப் பாத்து ஏறுற தீயை எதுக்க நின்னா ஆள் மிஞ்ச மாட்டான். ஒருத்தர் காலுலயும் பூட்ஸ் கிடையாது, ரப்பர் செருப்புதான்.

2018 மார்ச் 11 குரங்கணி ஞாபகம் இருக்கா? மலையேற வந்த பிள்ளைங்க இருபது பேருக்கு மேல போனாங்க. அன்னிக்கு இருட்டுல மேல ஏறி, வெந்து கிடந்தவங்களைப் போர்வையில தொட்டில் கட்டித் தூக்குனதுல ஊர்க்காரங்களும் உண்டு.

இப்ப மேய்ச்சலுக்குக் கெடுபிடி. மாடு கன்னுச்செடியை அழிக்கும்ங்கிறதும் நெசந்தான், நான் இல்லேங்கல. ஆனா மேயாத புல்லு ஆளுயரத்துக்குக் காஞ்சு நிக்குதே, அதை அறுக்க யாரு வர்றா? தை மாசமே எங்காளுங்களுக்குக் கூலி குடுத்துத் தீத்தடுப்புக் கோடு வெட்டச் சொல்லுங்க. காலுக்கு பூட்ஸ் குடுங்க. பங்குனியில வந்து விழிப்புணர்வு நோட்டீஸ் குடுக்குறதை அப்புறம் பாத்துக்கலாம்.

நாளைக்கு விடியல்ல மேல்பக்கம் சருகு கூட்டப் போறோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், மாமரத்துக்கு என்கிட்ட தண்டம் வாங்குனவர்தான், மம்பட்டியோட வர்றேன்னு சொல்லியிருக்கார்.