ஒப்பிடாத கணக்கு ஊருக்கு உதவாது

பதுளைத் தோட்டங்களிலே 'மருந்து' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியிற் கொடுப்பதும் மருந்து. தேயிலை மலையிற் புல்லுக்கு அடிப்பதும் மருந்து. முன்னதை விழுங்குபவரும் தொழிலாளி; பின்னதை முதுகிற் சுமப்பவரும் தொழிலாளி. ஆனால், எம்மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரலாகாது என்று முடிவு செய்வோர் கொழும்பில் இருக்கின்றனர். அவர்கள் எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்கின்றனர்? அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் அறிவு நமது வைத்தியர்களிடமும் தோட்ட உத்தியோகத்தர்களிடமும் உழவர்களிடமும் வளர்ந்திருக்கிறதா? இவ்வாரம் நாம் எழுப்ப விரும்பும் கேள்விகள் இவை.

2015 ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் கிளைபோசேட் என்னும் களைகொல்லியைத் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அத்தடையைத் தளர்த்தியது. 2022 இல் தடையையே நீக்கியது. ஏழு ஆண்டுகளில் மூன்று முடிவுகள்! தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் அற்பமானதன்று. உலர்வலயத்து உழவர் குடும்பங்களை வாட்டி வரும் சிறுநீரக நோயே அக்காரணம்.

1990களில் வடமத்திய மாகாணத்திலே முதலில் கவனத்துக்கு வந்த நோய் இது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால், இவ்விரண்டும் இல்லாதவர்களையே இந்நோய் பிடிக்கிறது. தொடக்கத்தில் வலியில்லை, வீக்கமில்லை. நோய் வெளியே தெரியும்போது சிறுநீரகத்தின் பெரும் பகுதி அழிந்திருக்கும். அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் மட்டுமன்றி, வவுனியாவிலும் இந்நோய் உண்டு. நமது பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டை மகாவலிக் குடியேற்றமும் அதன் கொடுமையை நன்கறிந்த இடம். நோய்க்கு மொழியும் இனமும் தெரியாது. வயலில் வேர்வை சிந்துவோரையே அது தேடி வருகிறது. ஆகவே, இது பிறர் துன்பமென்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

இந்நோயை ஆராயச் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2009 முதல் 2012 வரை ஓர் ஆய்வை நடத்தின. அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மக்களிடையே சென்று பரிசோதித்தனர். அவ்வாய்வின் முடிவு 2013 இல் வெளியாயிற்று. வயது வேறுபாட்டைச் சமன்செய்து பார்த்தபோது, ஆண்களில் நூற்றுக்கு 12.9 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 16.9 பேருக்கும் நோயின் அடையாளம் காணப்பட்டது. பெண்களுக்கு அதிகமா என்று வியப்போர் உண்டு. ஏனெனில், வைத்தியசாலைக் கட்டிலிற் கிடப்போரில் ஆண்களே மிகுதி. இவ்வியப்புக்கு விடையையும் அதே ஆய்வு தருகிறது. நோயுற்ற ஆண்களில் நூற்றுக்கு 23.2 பேர் மூன்றாம் நிலையிலும் 22 பேர் நான்காம் நிலையிலும் இருந்தனர். பெண்களிலோ அவை முறையே 7.4 உம் 7.3 உம் மட்டுமே. முற்றிய நோய் ஆண்களிடம். மறைந்த நோய் பெண்களிடம்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய முதற் பாடம் ஒன்றுண்டு. வைத்தியசாலைப் பதிவேட்டை மட்டும் புரட்டியவர், "இது ஆண்களின் நோய்" என்று எழுதி முடித்திருப்பார். வீடு வீடாகச் சென்றவருக்கே உண்மை தெரிந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட புள்ளிவிபரவியல். ஆனால், பானையைக் கிளறிவிட்டு எடுத்த சோறாயிருந்தாற்றான் அது பதம் காட்டும். மேலே மிதக்கும் பருக்கை அடியிற் கருகியதைக் காட்டாது.

இனி, தடைக்கு வருவோம். 2014 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கை ஆய்வாளர் மூவர் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். கிளைபோசேட், கடின நீரிலுள்ள உலோகங்களுடன் பிணைந்து சிறுநீரகத்தைச் சென்றடைந்து கெடுக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அது ஒரு கருதுகோள். கருதுகோள் இன்றி விஞ்ஞானம் இல்லை. அதைக் கூறியோரை நாம் குறை சொல்லவில்லை. அவர்களுள் சிலர் பின்னர் பதவி ஸ்ரீபுரப் பகுதியில் நோயாளரையும் நோயற்றோரையும் எதிரெதிரே வைத்து விசாரித்து, களைகொல்லி தெளித்தோரிடையே நோய் மிகுதி என்று 2015 இல் எழுதினர். இவ்வகை ஆய்வுக்கு மதிப்புண்டு, பலவீனமும் உண்டு. "முன்பு என்ன தெளித்தீர்கள்?" என்று கேட்கும்போது, நோயால் வருந்துபவன் தன் நினைவைத் துருவித் துருவித் தேடுவான், நலமாயிருப்பவன் அவ்வளவு தேடமாட்டான். களைகொல்லி தெளிப்பவனே வெயிலில் அதிகம் நிற்பவனும், கிணற்று நீரை அதிகம் குடிப்பவனும், வேறு நஞ்சுகளைக் கையாள்பவனும் ஆவான். இவற்றுள் எது குற்றவாளி? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காக்கையே பழத்தைக் கொத்தி வீழ்த்திய கதையா என்று பிரித்தறிவதே ஆய்வு முறையின் முழு நோக்கம்.

இங்கேதான் ஊவா நமக்குக் கை கொடுக்கிறது. பதுளை மாவட்டத்திற்கு இரு முகங்கள். பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, நமுனுகுலை ஆகிய மலைத் தோட்டங்கள் ஒரு முகம். மகியங்கனை, கிராந்துருக்கோட்டைச் சமவெளி மற்றொரு முகம். தடைக்கு முன்னர் தேயிலை மலைகளிலும் கிளைபோசேட் தாராளமாக அடிக்கப்பட்டது. அப்படியாயின், மலையில் ஏன் இந்நோய் பரவவில்லை என்று தடையை எதிர்த்தோர் கேட்டனர். மலையில் நீர் மென்மையானது, சமவெளியில் கடினமானது. நஞ்சும் கடின நீரும் சேர்ந்தாற்றான் கேடு என்று ஆதரித்தோர் விடையளித்தனர். இரண்டும் அறிவுக்குப் பொருந்தும் வாதங்களே. ஆனால், வாதத்தால் வாதத்தை வெல்லமுடியாது; ஒப்பீட்டாற்றான் தீர்க்க முடியும்.

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். களைகொல்லியும் கடின நீரும் சேர்ந்த ஊர் ஒன்று. களைகொல்லி மட்டும் உள்ள ஊர் ஒன்று. கடின நீர் மட்டும் உள்ள ஊர் ஒன்று. இரண்டும் இல்லாத ஊர் ஒன்று. நான்கிலும் ஒரே வயதினரை, ஒரே பரிசோதனையால், ஒரே காலத்தில் பாருங்கள். வெப்பமே காரணம் என்று மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களைக் காட்டுவோரும் உளர். அவர்களுக்காக மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகலைக் கரும்புக் காடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மலை, வயல், கரும்பு மூன்றும் ஒரே மாகாணத்தில் இருக்கும்போது வேறெங்கும் அலையவேண்டியதில்லை. ஆனால், ஓர் எச்சரிக்கை: மலையில் நோய் இல்லை என்று சொல்லவேண்டுமானால், வயலில் தேடிய அதே ஊக்கத்துடன் லயங்களிலும் தேடியிருக்கவேண்டும். தேடாத இடத்தில் கிடைக்கவில்லை என்பது சான்றாகாது.

அப்படியானால், முழு விளக்கம் கிடைக்கும்வரை கை கட்டியிருக்கச் சொல்கிறோமா? ஒருபோதும் இல்லை. 1854 இல் இலண்டனிற் கொலரா பரவியபோது, அந்நோயின் கிருமியைப் பற்றி வைத்தியர் ஜோன் சினோ ஒன்றும் அறியார். ஆனால், ஒரே தெருக்களில் இரு கம்பெனிகளின் குழாய் நீரைக் குடித்த வீடுகளை அவர் ஒப்பிட்டார். அழுக்கு நீர் எடுத்த கம்பெனியின் வீடுகளிற் சாவு பன்மடங்காயிருந்தது. விளக்கம் முழுமையாக இல்லை, ஒப்பீடு இருந்தது. அது போதியதாயிற்று. அதுபோல, நோயுற்ற ஊர்களுக்கு நல்ல குடிநீர் கொடுப்பதற்கு எந்த ஆய்வும் முடியவேண்டியதில்லை. காரணம் எதுவாயினும் நல்ல நீர் கேடு செய்யாது. வேறு பல நோய்களையும் அது தடுக்கும். தவறினாலும் நட்டமில்லாத செயலை உடனே செய்க. தவறினால் பலர் வாழ்வைக் குலைக்கும் செயலை அளந்து செய்க. இதுவே நாம் சொல்வது.

அளக்காமற் செய்ததன் விலை என்ன? மலைகளிற் புல் மண்டியது. சுரண்டி பிடிக்க ஆள் போதவில்லை. சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின, எம்.சி.பி.ஏ. என்னும் களைகொல்லியின் எச்சம் காரணமாக யப்பானுக்குச் செல்லும் தேயிலை சிக்கலுக்குள்ளாயிற்று. தோட்டத்தின் வருமானம் குறைந்தால் அச்சுமை துரையோடு நிற்பதில்லை; 'அரைப் பேர்' போடப்படும் தொழிலாளியின் அடுப்பங்கரை வரை அது வருகிறது. மறுபக்கத்தில், தடையால் எத்தனை சிறுநீரகங்கள் காக்கப்பட்டன? மெல்லக் கொல்லும் நோயொன்றின் மாற்றத்தை மூன்றாண்டில் அறிய முடியாது. முன்கூட்டியே ஊர்களைத் தெரிந்து, ஆண்டுதோறும் அளந்து வந்தாலன்றி, தடை விதித்தது சரியா, நீக்கியது சரியா என்று எவராலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லவும் முடியாது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடுத்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டபோதும் இதே பிழையே பெரிதாக நிகழ்ந்தது. அதன் பயனை நெல் விவசாயி தன் களத்திற் கண்டான்.

புல்லுக்கு அடிக்கும் மருந்துக்குரிய இக்கணக்கு, நோய்க்குக் கொடுக்கும் மருந்துக்கும் பொருந்தும். ஒரு மருந்து நோயைப் பாதியாகக் குறைக்கும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் இருவர் ஒருவரானாலும் பாதிதான். ஆயிரத்தில் இருநூறு பேர் நூறானாலும் பாதிதான். முன்னதில் ஒருவரைக் காக்க ஆயிரம் பேருக்கு மருந்து வாங்கவேண்டும். பின்னதில் பத்துப் பேருக்கு வாங்கினாற் போதும். 'பாதி' என்ற சொல்லில் மயங்கியவர் மாகாணத்தின் மருந்துப் பணத்தை ஆற்றிற் கொட்டுவார். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புத் தேவை. அதை மறுக்கலாகாது. ஆயினும், அதே பணத்தில் எத்தனை பேரின் சிறுநீரைப் பரிசோதித்து, எத்தனை பேரை அந்நிலைக்கு வராமற் காக்கலாம் என்றும் கேட்கத்தான் வேண்டும். மருந்துப் பொருளியல் என்பது கஞ்சத்தனமன்று. உள்ள பணத்தில் அதிக உயிரைக் காக்கும் அறம் அது.

இவ்வறத்தை இந்நாட்டுக்குக் கற்பித்தவர் ஊவாவின் பிபிலையிற் பிறந்தவரே என்பதை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதலாவது தலைவர். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்படுவதை அவர் கண்டார். தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, பொதுப் பெயரில், உலகச் சந்தையிற் கேள்விப் பத்திரம் கோரி வாங்கும் முறையை நிறுவினார். 1977 இல் அவர் மறைந்தார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிற்றான். அவர் கையிலிருந்த ஆயுதம் கணக்கு ஒன்றே.

ஆகவே, நாம் கேட்பவை இவை. ஒரு நஞ்சைத் தடுப்பதாயினும் அனுமதிப்பதாயினும், எந்த ஆய்வின் மேல் அம்முடிவு நிற்கிறது என்பதை அரசாங்கம் மும்மொழியிலும் மக்களுக்கு வெளியிடவேண்டும். முடிவின் பயனை அளக்கும் ஏற்பாடு முடிவுடனேயே தொடங்கவேண்டும். பதுளை மாவட்டத்தின் சுகாதாரக் கணக்கில் தோட்டம், கிராமம், குடியேற்றம் மூன்றும் வெவ்வேறாகக் காட்டப்படவேண்டும். சராசரி என்னும் போர்வைக்குள் லயங்கள் மறைக்கப்படலாகாது. தோட்டத்து மருத்துவ உதவியாளருக்கும் தாதியருக்கும் மருத்துவமாதருக்கும், ஆய்வொன்றைப் படித்து எடைபோடும் பயிற்சி தாய்மொழியிற் கிடைக்கவேண்டும்.

நமது தமிழ் வைத்தியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அமைச்சரோ ஆய்வாளரோ கம்பெனியோ ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேரில்? யாருடன் ஒப்பிட்டு? என்ன செலவில்? இம்மூன்றையும் பிரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளியும் வரப்பில் நிற்கும் உழவனும் கேட்கப் பழகிவிட்டால், ஏழாண்டுகளில் மூன்று முறை மாறும் சட்டங்களுக்கு இந்நாட்டில் இடமிராது. உடலைக் கொடுத்து உழைப்பவர்களுக்கு அவ்வுடலைப் பற்றிய கணக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை எவரும் தருவார் என்று காத்திராமல், நாமே எடுத்துக்கொள்வோம்.