உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்

இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டும்போது பெரும்பாலானோர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். ஊசியைக் காண அஞ்சுவது இயல்பே. ஆயினும் அந்த அரை நிமிடத்தில் நோயாளியோ உடன் வந்தவரோ அவசியம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊசி, பிரிக்கப்படாத உறையிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியே எடுக்கப்பட்டதா என்பதே அது. அதைக் கேட்பது நோயாளியின் உரிமை. முகம் சுளிக்காமல் காட்டுவது மருத்துவமனையின் கடமை. இதுவே எங்கள் உறுதியான கருத்து.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டபோது தொற்று வெளிப்பட்டது. கண்ணாடி சிரிஞ்சுகளை வெந்நீரில் கொதிக்கவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திய காலம் அது. இன்று நாம் காணும் பிளாஸ்டிக் சிரிஞ்சு அவ்வாறு கொதிக்கவைத்துப் பயன்படுத்துவதற்கு உரியதன்று. அது ஒருவருக்கு, ஒரே ஒரு முறைக்கு மட்டுமே உரியது.

விதி இவ்வளவு எளிதாக இருந்தும் அது மீறப்பட்டே வந்துள்ளது. 2009ஆம் ஆண்டு குஜராத் மாநிலம் மொடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சி பரவிப் பலர் உயிரிழந்தனர். பயன்படுத்திய சிரிஞ்சுகளை மீண்டும் பயன்படுத்தியதும், கழிவிலிருந்து அவற்றைச் சேகரித்து மறுபடியும் விற்றதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. 2018ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. உரிமம் இல்லாமல் சிகிச்சை அளித்த ஒருவர், ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டார்.

போலி மருத்துவர்களிடம் மட்டுமே இது நிகழும் என்று எண்ணிவிட வேண்டாம். 1999ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வகத்தின் இரத்த சேகரிப்பு மையத்தில், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரே ஊசிகளை மறுபடியும் பயன்படுத்தியது தெரியவந்தது. அங்கே இரத்தம் கொடுத்த ஆயிரக்கணக்கானோர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஆகவே, கட்டடத்தின் பொலிவையோ சீருடையின் வெண்மையையோ நம்பி இருந்துவிட இயலாது. நம்புவதற்கு உரியது கண்முன்னே பிரிக்கப்படும் உறை ஒன்றே.

‘ஊசியை மாற்றிவிட்டோம், சிரிஞ்சு மட்டும் பழையது’ என்று எவரேனும் கூறினால் அதனையும் ஏற்க வேண்டாம். இரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சின் உட்புறம் முழுவதும் இரத்தம் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு துளியே தொற்றுக்குப் போதுமானது. ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் வரை தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடியது. எனவே ஊசி, சிரிஞ்சு இரண்டுமே புதியனவாக இருத்தல் வேண்டும். வண்ண மூடியிட்ட வெற்றிடக் குழாய்களில் இரத்தம் எடுக்கும் முறையிலும் ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாகவே இருக்க வேண்டும்.

இவ்வாறு கேட்பது செவிலியரை அவமதிப்பதாகாதா என்று பலர் தயங்குகின்றனர். ‘அவர்களுக்குத் தெரியாததா, நாம் எதற்குக் கேட்பது’ என்பது நம் மக்களின் பண்பான தயக்கம். அந்தப் பண்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இந்த இடத்தில் அது உதவாது. கடையில் எடைக்கல்லைப் பார்ப்பதால் கடைக்காரரைத் திருடர் என்று சொன்னதாகாது. முறையாகப் பணிபுரியும் செவிலியருக்கு இக்கேள்வி ஒரு சுமையன்று. அவரது நேர்மைக்கு அதுவே சாட்சி. முறை தவறுபவருக்கு மட்டுமே அது தடையாக நிற்கும்.

எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர் பகுதி மக்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நம்மில் பலர் மருத்துவமனைக்கு வராமலே இரத்தம் கொடுக்கிறோம். தொழிற்சாலையில் நடக்கும் உடற்தகுதிச் சோதனை, திருமண மண்டபத்தில் கூடும் இலவச சர்க்கரை நோய் முகாம், வீடு தேடி வரும் ஆய்வகப் பணியாளர் எனப் பல வழிகள் உள்ளன. வரிசை நீளும் இடத்தில் அவசரம் கூடுகிறது. அவசரம் கூடும் இடத்தில் கவனம் குறைகிறது. முகாமில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவு பார்க்கும்போதும் குத்தும் ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாக இருத்தல் வேண்டும்.

உறை கிழியாமல் இருக்கிறதா, காலாவதி தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். பணியாளர் கைகளைத் தூய்மை செய்து புதிய கையுறை அணிகிறாரா என்பதையும் கவனியுங்கள். ஊசி ஏற்கெனவே பிரிக்கப்பட்டுத் தட்டில் இருந்தால், ‘வேறு ஒன்றை என் முன்னால் பிரியுங்கள்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். மறுத்தால், கையை மடக்கிக்கொண்டு எழுந்து வரலாம். ஒரு சோதனை ஒரு நாள் தள்ளிப்போவதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை.

இரத்தம் எடுத்த பின்னரும் கவனம் தேவை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஊசிகள் துளைக்க முடியாத வெண்ணிறப் பெட்டியிலும், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள் சிவப்புப் பையிலும் இடப்பட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடியும் மூடி மாட்டுவது பணியாளரின் விரலையே குத்திவிடக்கூடும். கழிவு முறையாக அழிக்கப்படாவிட்டால் அது மீண்டும் சந்தைக்கு வரலாம் என்பதையே மொடாசா காட்டியது.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும் இதே பொறுப்பு உண்டு. கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை நோய் இருப்பினும் ஊசியையோ, இன்சுலின் பேனாவையோ, விரல் குத்தும் கருவியையோ பகிர்ந்துகொள்ளலாகாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் இட்டு இறுக மூடி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே கொடுங்கள். நம் தெருவைத் தூய்மை செய்யும் பணியாளரின் கையைக் காப்பது நம் கடமை.

எங்கேனும் பழைய ஊசியால் குத்தப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் அஞ்சி மறைக்க வேண்டாம். அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவரை அணுகுங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. ஹெபடைடிஸ் பி தொற்றைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. 1097 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. புதிய ஊசியால் இரத்தம் கொடுப்பதால் இத்தகைய நோய்கள் தொற்றுவதில்லை. சோதிக்காமல் விட்ட சர்க்கரையும் இரத்தசோகையும்தான் உடலைச் சத்தமின்றி அரிக்கின்றன. ஆகவே, சோதனைக்குத் தவறாமல் வாருங்கள். வந்ததும் உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கும் முன்னரே காட்டுவதை எங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அதில் நாங்கள் தவறும் நாளில், தயங்காமல் கேட்டு எங்களைத் திருத்துங்கள்.