சலிச்சுட்டுப் போட்டா போதுமா?

போன சனிக்கிழமை, புரட்டாசி முதல் சனி, அன்னதானச் சாம்பார் ஒரு மணி நேரம் தாமதமானது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகளோடு வரிசையில் நின்றவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். காரணத்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், கூச்சமாக இருந்தது. மல்லித்தூள் டின்னைத் திறந்தால் தூளே அசைகிறது. பக்கத்தில் இருந்த மிளகாய்த்தூளிலும் அப்படியே.

எள்ளளவு, பழுப்பு நிற வண்டு. புகையிலையையும் தின்பதால் சிகரெட் வண்டு என்று பெயர். காரம் அதை ஒன்றும் செய்யாது. நம்ம ஊர் வெக்கையில் முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். இங்கே குளிர்காலமும் கிடையாது, வருஷம் முழுக்கப் பெருகும். மெல்லிய பிளாஸ்டிக் பாக்கெட்டையே துளைத்துவிடும்.

"சலிச்சுட்டுப் போடுங்க, கொதிக்கிற சாம்பார்ல எல்லாம் சரியாயிடும்" என்று பல வருஷம் சமைத்த கைகளே சொன்னார்கள். வீட்டில் நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். ஆனால் சல்லடையில் வண்டு நிற்கும், முட்டையும் குட்டிப் புழுவும் தூளோடு இறங்கிவிடும். விரதம் இருந்து, சைவம் என்று நம்பித் தட்டை நீட்டுகிறவருக்கு அதைத் தெரிந்தே ஊற்றுவதா? எங்களுக்கு மனசு வரவில்லை. 14 கிலோ தூளைக் கட்டி வெளியே போட்டோம். கடைக்கு ஆள் அனுப்பிப் புதிதாக வாங்கி வந்தோம். அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம்.

போட்ட மூட்டைகளில் ஒன்று, ஓர் அம்மா கணவர் நினைவாகக் கொடுத்த உபயம். அவரும் அப்போது அங்கேதான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "தைப்பூசத்துக்குக் கொடுத்தது தம்பி, இன்னுமா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம். புதிதாக வருவதை முன்னால் அடுக்கி, முன்னால் இருப்பதையே எடுத்துச் சமைத்து, பழையதை மூலையில் மறந்தது நாங்கள். வண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி ஒவ்வொரு டின்னிலும் வந்த தேதியை எழுதுவோம், பழையதுதான் முதலில் அடுப்புக்குப் போகும். பழைய தூள்மேல் புதுத்தூளைக் கொட்ட மாட்டோம். வரும் தூளை ஒரு வாரம் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் வைப்போம், முட்டையும் மிஞ்சாது. வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. குளிர் அடங்கியபின் பிரித்தால்தான் ஈரம் கோக்காது. பிரியாணி இலை, கிராம்பு போட்டு வைக்கும் வைத்தியத்தை நம்பி இருக்கப் போவதில்லை. பூச்சி மருந்து ஸ்டோருக்குள் வரவே கூடாது. உறைய வைப்பதும் உயிர்க்கொலைதானே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் குவித்து வைக்காமல் இருப்பதே நல்லது என்கிறோம்.

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும்: திருவிழாவுக்கு முன்னால் எல்லோரும் தூளாகவே கொண்டுவந்தால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் ஆலயத்துக்கு வேண்டும். சாமிக்கு வந்ததைத் திருப்பலாமா என்று கேட்பார்கள். எட்டு மாதம் கழித்துக் குப்பையில் போடுவதைவிட, வாங்கும் முன்பே கைகூப்பிச் சொல்லிவிடலாம். அதே பணத்துக்கு எண்ணெயோ, அடுப்புக்கு கேஸோ, முழு மல்லியோ கொடுக்கலாம். முழு மல்லியிலும் வண்டு வரும், ஆனால் பொறுக்கி, வறுத்து, அந்த வாரத்துக்கு மட்டும் அரைத்துக்கொள்ளலாம்.

ஆகவே உபயம் வாங்கும் முன் ஆலய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், என்ன தேவை என்று சொல்வார்கள். வரும் வியாழக்கிழமை மாலை 7 மணிக்கு ஸ்டோரை முழுசாகக் காலி செய்து, இண்டு இடுக்கெல்லாம் துடைக்கப் போகிறோம். நாலைந்து பேர் கூடுதலாக வந்தால் பத்து மணிக்குள் முடியும். பழைய துணி கொண்டு வாருங்கள். டீயும் வடையும் எங்கள் பொறுப்பு.