ஊற்றும் தரை: நிறம் அப்புறம், ஈரம் முதலில்

தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் சுவருக்கு என்ன சாயம் பூசுவது என்பதோடு அது முடிந்துவிடும். இப்போது பேச்சு தரைக்கு இறங்கிவிட்டது. புலனத்தில் வரும் காணொளிகள்தான் காரணம். ஒருவர் வாளியிலிருந்து கெட்டியான திரவத்தை ஊற்றுகிறார். அது தானே பரவுகிறது. அடுத்த காட்சியில் தரை கண்ணாடி போல மின்னுகிறது. டைல்ஸ் இணையும் கோடும் இல்லை, அந்தக் கோட்டில் அழுக்குத் தங்கும் தொல்லையும் இல்லை.

ஆசைப்படுவதில் தவறில்லை. முறையாகச் செய்தால் இது நல்ல தரைதான். ஆனால், காணொளியில் காட்டும் ஊற்றும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். தரை நிலைக்குமா உரியுமா என்பதை அதற்கு முந்திய வேலை முடிவு செய்கிறது. நம்மில் பலர் குத்தகையாளரிடம் முதலில் கேட்பது, "என்னென்ன நிறம் இருக்கிறது?" என்பதே. முதலில் கேட்க வேண்டியது, "என் வீட்டுத் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்பது.

எபோக்சியா, பியூவா?

பொதுவாக எல்லாவற்றையும் எபோக்சி என்கிறோம். உண்மையில் வீடுகளில் இரண்டு வகை புழங்குகிறது. எபோக்சி கெட்டியானது, சிமெண்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகும். பியூ எனப்படும் பாலியூரித்தேன் சற்று நெகிழ்வானது. அதில் வெயிலைத் தாங்கும் வகைகள் கிடைக்கின்றன. கீறலையும் கூடுதலாகத் தாங்கும். ஆகவே அடியில் எபோக்சி, மேலே மெல்லிய பியூ மேற்பூச்சு என்று சேர்த்துச் செய்வது வழக்கம். வெயில் விழும் வரவேற்பறையில் வெள்ளை அல்லது வெளிர்நிறத் தரை வேண்டுமென்றால் வெயில் தாங்கும் மேற்பூச்சைக் கேட்டு வாங்குங்கள். கடல், மீன் என்று படம் பதித்து மேலே தெளிந்த எபோக்சி ஊற்றும் தரைக்கும் இது பொருந்தும். மேலே உள்ள அடுக்கு மஞ்சளானால் நீலக் கடல் பச்சைக் குளமாகிவிடும்.

கார் நிறுத்துமிடத்துக்குச் சாதாரண எபோக்சி ஏற்றதல்ல. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான சக்கரம் அதன்மேல் நின்றால், பிடிமானம் குறைந்த பூச்சு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். வீட்டின் பின்புறச் சமையலறைக்கும் யோசித்துச் செய்யுங்கள். அங்கே தண்ணீர் வடிகாலுக்கு ஓடும்படி தரை சாய்வாக இருக்கும். தானே சமமாகும் பிசினை அதில் ஊற்றினால் அது பள்ளத்தை நிரப்பிச் சாய்வைக் கெடுத்துவிடும். பிறகு கழுவிய தண்ணீர் அங்கேயே நிற்கும். சோறு வடித்த கொதிநீரைக் கொட்டும் பழக்கம் இருந்தால் சாதாரண எபோக்சி தாங்காது. உணவுத் தொழிற்சாலைகளில் இதற்காகவே பியூ சிமெண்டுத் தரை போடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஈரம்

கான்கிரீட் பார்ப்பதற்குக் கல் போல இருந்தாலும் அதற்குள் நுண்ணிய துளைகள் உண்டு. தரைவீடுகளில் மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியாக மேலே ஏறும். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸ் கோடுகளிலும் அது ஆவியாகி வெளியேறிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பிசின் ஊற்றிவிட்டால் வழி அடைபட்டுவிடும். ஈரம் அடியில் சேர்ந்து அழுத்தும். சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும், ஓரம் தூக்கும், கடைசியில் அப்பளம் போல உரியும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த பிசின் ஊற்றினாலும் இதைத் தடுக்க முடியாது.

நீங்களே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறக்குறைய 45 செண்டிமீட்டர் சதுரமுள்ள தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெறும் சிமெண்டுத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ தரையில் ஈரம் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் செய்யுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய இடத்தை விட்டுவிடாதீர்கள். தாள் காய்ந்திருந்தால் மட்டும் போதாது, குத்தகையாளர் ஈரமானியால் அளந்து காட்ட வேண்டும். ஈரம் இருந்தால் கசிவைச் சரிசெய்வது, காய விடுவது, ஈரம் தடுக்கும் பிரைமர் பூசுவது என்று வழிகள் உண்டு. புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரைக்கு 28 நாள் பொறுத்திருப்பது வழக்கம். அதன்பிறகும் அளந்து பார்ப்பது நல்லது.

வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது பலருக்கு மறந்திருக்காது. வெள்ளத்தில் பலகைத் தரை ஊறி உப்பிவிடும் என்பதால், கழுவிவிட்டால் போதும் என்ற தரையைத் தேடுவது இயல்பு. ஆனால், வெள்ளம் வடிந்த கையோடு ஊற்றக்கூடாது. மேல்பகுதி காய்ந்து வெளுத்த பிறகும் கான்கிரீட்டின் உள்ளே நீர் இருக்கும். அது வெளியேற வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில் ஆகும்.

பழைய தரையின் மேல் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அப்படியே அல்ல. டைல்ஸ் மீது ஊற்றுவதாக இருந்தால், முதலில் ஒவ்வொரு டைல்ஸையும் மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றொலி வந்தால் அது அடியில் பிடிமானம் இழந்திருக்கிறது. அதைப் பெயர்த்துவிட்டு நிரப்ப வேண்டும். மற்றவற்றின் பளபளப்பை இயந்திரத்தால் உரசி எடுக்க வேண்டும். கோடுகளை நிரப்பிச் சமன்செய்யாவிட்டால், புதுத் தரையின் மேல் பழைய கட்டங்கள் நிழல் போலத் தெரியும்.

பழைய வீடுகளில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தால் இன்னொரு சிக்கல். ஆண்டுக்கணக்கில் மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை அது. மெழுகின் மேல் எந்தப் பிசினும் ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவினால் போதாது. உரசித்தான் எடுக்க வேண்டும். "உரசத் தேவையில்லை, அமிலம் ஊற்றிக் கழுவினால் போதும்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உரசும்போது தூசு பறக்கும் என்பதால் தூசு உறிஞ்சும் இயந்திரத்தோடு செய்யச் சொல்லுங்கள்.

டின்களை எண்ணுங்கள்

ஒரு சிறு கணக்கு உங்கள் பணத்தைக் காப்பாற்றும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் கனம் வர ஒரு லிட்டர் பிசின் வேண்டும். 400 சதுர அடி வரவேற்பறை என்பது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். தானே பரவும் தரை 2 மில்லிமீட்டர் கனம் என்று பேசியிருந்தால் 74 லிட்டர் தேவை. உருளையால் தேய்க்கும் பூச்சு 0.3 மில்லிமீட்டர் இருந்தால் 11 லிட்டரே போதும். இரண்டும் முதல் நாள் ஒரே மாதிரி மின்னும். ஊற்றும் தரைக்கு விலை பேசிவிட்டு இருபது லிட்டர் டின் ஒன்றே ஒன்று வீட்டுக்கு வந்து இறங்கினால், உங்களுக்குக் கிடைக்கப்போவது பூச்சுதான். விலைப்பட்டியலில் "எபோக்சி" என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பொருளின் பெயர், கனம், எத்தனை அடுக்கு, உரசும் வேலை, ஈரச் சோதனை, மேற்பூச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

வழுக்கல் சாதாரண விஷயமல்ல

கண்ணாடி போன்ற தரையில் தண்ணீரோ எண்ணெயோ சிந்தினால் வழுக்கும். வயதானவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அழகான தரைக்குக் கொடுத்த விலை அதுவாகிவிடும். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் மினுமினுப்பு இல்லாத மேற்பூச்சைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் புழங்கும் இடங்களில் நுண்மணல் தூவிச் சொரசொரப்பாக்கலாம். மாதிரித் துண்டைக் காய்ந்த நிலையில் தொட்டுப் பார்த்தால் போதாது. தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். மங்கலான தரையில் கீறலும் தூசும் எளிதில் தெரியாது என்பது கூடுதல் லாபம்.

ஊற்றும் நாள்களில்

பிசினையும் ஹார்டனரையும் டின்னில் குறிப்பிட்ட அளவுப்படி கலக்க வேண்டும். கண் மதிப்பில் கலந்தால் சில இடங்கள் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். கலந்தவுடன் அது சூடாகத் தொடங்கும்; வெப்பம் மிகுந்த நேரத்தில் வாளியிலேயே இறுகிவிடும். காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் மேலே வெண்மையான படலம் படியும். அடைமழை நாளிலும் இரவிலும் ஊற்ற வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

இன்னொன்று உடல்நலம். ஹார்டனரின் ஆவியும் துளியும் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரும். பியூ ஹார்டனர் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த நாள்களில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. சில பிரைமர்கள் எளிதில் தீப்பற்றும். சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதையும் ஏற்றாதீர்கள். பொதுவாக 24 மணி நேரத்தில் நடக்கலாம். முழுமையாக இறுக ஏழு நாள் ஆகும். அதுவரை கனமான நாற்காலி மேசைகளை ஏற்றாமல், தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் இருங்கள். ஆகவே, தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பராமரிப்பு

தரைக்கு முதல் எதிரி மணல். செருப்போடு வரும் மணல்தான் மெருகை உரசி எடுக்கிறது. வாசலில் மிதியடி போடுங்கள், தினமும் மென்மையான துடைப்பத்தால் கூட்டுங்கள். துடைக்க, அமிலமோ காரமோ இல்லாத மிதமான சோப்புநீர் போதும். கழிவறை கழுவும் அமிலம், குளோரின், இரும்பு நார் ஆகியவை வேண்டாம். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். அடிப்பக்கம் ரப்பர் உள்ள விரிப்பை நீண்ட நாள் ஒரே இடத்தில் போட்டால் கறை விழும்.

நம் வீடுகளுக்கே உரிய சில பாதுகாப்புகளும் உண்டு. மஞ்சள், மசாலா சிந்தினால் உடனே துடையுங்கள். வெளிர்நிறத் தரையில் கறை தங்கிவிடும். சாயமிட்ட அரிசியால் கோலம் போடுவதாக இருந்தால் அடியில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். சாம்பிராணித் தணலும் முறுக்குச் சுட்ட சட்டியும் தரையைத் தொடக்கூடாது. ஒரு டைல்ஸ் துண்டோ பலகையோ அடியில் இருக்கட்டும். குத்துவிளக்குக்கு அடியில் தட்டு வைத்தால் எண்ணெய்க் கறையும் வழுக்கலும் வராது.

சில ஆண்டுகளில் மெருகு குறைவது இயல்பு. அதற்காகத் தரையைப் பெயர்க்க வேண்டாம். லேசாக உரசி மேற்பூச்சு மட்டும் மீண்டும் பூசினால் புதிதாகிவிடும். அதற்குப் பொருளின் பெயரும் நிற எண்ணும் தேவைப்படும். வேலை முடிந்த அன்றே குறித்து வையுங்கள்.

விலைப்பட்டியல், ரசீது, உரசும்போதும் ஊற்றும்போதும் எடுத்த படங்கள் ஆகியவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பேசியபடி வேலை நடக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு முறையிடலாம். அங்கே வாய்ப்பேச்சைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிற அட்டையைப் புரட்டுவதற்கு முன், ஒரு பிளாஸ்டிக் தாளையும் ஒட்டுநாடாவையும் வாங்கி வாருங்கள். ஓர் இரவு காத்திருங்கள். உங்கள் தரை எதற்குத் தயாராக இருக்கிறது என்பதை அது காலையில் சொல்லிவிடும்.